சட்டப்படிதான் எல்லாம் நடந்தது: உரிமைகளைப் பற்றி டர்பன் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

மார்ச் 21 இங்கே தென்னாப்பிரிக்காவில் மனித உரிமை நாள், பொது விடுமுறை. 1960-ல் அந்தத் தேதியில்தான் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். அன்றைக்குக் கோயில் சமையலறையில் காய் நறுக்க உட்காரும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "இந்த உரிமை, உரிமைங்கிறாங்களே, அதனால நமக்கு என்ன கிடைச்சுது?" நான் வக்கீல் இல்லை, ஒரு வக்கீல் அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக ஃபைல் சுமந்தவன். அங்கே காதில் விழுந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில் இது. ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்டதையும் சேர்த்திருக்கிறேன்.

அடிப்படை உரிமை என்பது அரசாங்கம் கொடுப்பதா?

இல்லை. வண்டி ஓட்டும் லைசன்ஸ் அரசாங்கம் கொடுப்பது, அதனால் திருப்பி வாங்கவும் முடியும். மானத்தோடு வாழ்வது அப்படி இல்லை. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைப் பாருங்கள், ஒவ்வொருவருக்கும் மாண்பு இயல்பாகவே இருக்கிறது என்றுதான் தொடங்குகிறது, வழங்கப்படுகிறது என்று இல்லை. அதை மதிக்கவும் காக்கவும் வேண்டியது மட்டும் அரசின் வேலை. 7 முதல் 39 வரையுள்ள பிரிவுகள்தான் உரிமைகள் சாசனம். இரண்டாவது அத்தியாயம் முழுக்க அதுதான், ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.

அதற்குச் சாதாரணச் சட்டம் போதாதா? அரசியலமைப்பில் ஏன் எழுத வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நம்மைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நம்மை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கியது, அன்று முதல் நமக்கு நடந்த கொடுமைகளில் பெரும்பாலானவை சட்டப்படிதான் நடந்தன. யாரோ ரவுடி வந்து செய்ததில்லை. 1895-ல் டர்பன் இருந்த நேட்டால் காலனியின் சட்டசபை ஒரு சட்டம் போட்டது: ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்க நினைப்பவர் வருடத்துக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். ஒப்பந்தத்தில் வந்தவருக்கு முதல் வருடத்தில் மாதக் கூலி 10 ஷில்லிங், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஓட்டுரிமையைப் பறித்தார்கள். அந்தச் சட்டத்தில் இந்தியர் என்ற வார்த்தையே கிடையாது, தேர்தல் மூலம் அமைந்த நாடாளுமன்ற ஆட்சி இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஓட்டு இல்லை என்று சாமர்த்தியமாக எழுதிவிட்டார்கள்!

அப்புறம் 1946-ல் இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய நிலச்சட்டம். 1950-ல் குழுப் பகுதிகள் சட்டம், அதாவது எந்த இனம் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை அரசே கோடு போட்டுப் பிரித்தது. என் தாத்தாவுக்கு டர்பனின் கேட்டோ மேனரில் மூன்று அறை வீடும் பின்னால் வாழைத்தோப்பும் இருந்தன. நோட்டீஸ் வந்தது, அதில் முத்திரையும் கையெழுத்தும் எல்லாம் சரியாகவே இருந்தன. இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டு எண் கொடுத்தார்கள். நாடாளுமன்றத்தில் முறைப்படி ஓட்டெடுத்துப் போட்ட சட்டம் அது, அந்தச் சட்டமே தப்பு என்று சொல்லி எந்தக் கோர்ட்டுக்கும் போக வழி இல்லை. அந்த வழிக்குத்தான் அரசியலமைப்புப் பாதுகாப்பு என்று பெயர். அரசாங்கம் போடும் சட்டத்தையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க, அதற்கு மேலே ஒரு சட்டம் வேண்டும்.

அப்போதும் அரசியலமைப்பு இருந்ததே?

இருந்தது. 1910, 1961, 1983 என்று மூன்று. அவற்றில் நாடாளுமன்றம் வைத்ததே சட்டம். முதலாவதில் ஒரு பூட்டு இருந்தது: கேப் மாகாணத்தில் கலர்டு (கலப்பினத்தார் என்று அரசு வகுத்த) மக்களின் ஓட்டுரிமையை எடுக்க வேண்டுமென்றால் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 1951-ல் அதை மீறிச் சட்டம் போட்டார்கள், 1952-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? செனட்டில் 48 பேர் இருந்ததை 89 ஆக்கித் தன் ஆட்களை நிரப்பியது. மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. 1956-ல் ஓட்டு போயிற்று. பூட்டு நல்ல பூட்டுதான், சுவரை இடித்துவிட்டார்கள். 1983-ல் நமக்கென்று தனியாக ஒரு அவை தருகிறோம் என்றார்கள், பெரும்பாலானோர் ஓட்டுப் போடவே போகவில்லை, அது வேறு கதை.

இப்போதும் அப்படிச் செய்ய முடியாதா?

கஷ்டம். உரிமைகள் சாசனத்தில் ஒரு வார்த்தையை மாற்ற தேசிய சட்டசபையின் 400 பேரில் 267 பேரும், ஒன்பது மாகாணங்களில் ஆறும் ஒத்துக்கொள்ள வேண்டும். நாட்டின் அடிப்படை நெறிகளைச் சொல்லும் முதல் பிரிவுக்கு 300 பேர். முடியவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு ராத்திரியில் முடியாது.

பெரும்பாலான மக்கள் ஒன்றைக் கேட்டால் கொடுப்பதுதானே ஜனநாயகம்? தூக்குத் தண்டனை வேண்டும் என்று எல்லாரும்தான் கேட்கிறார்கள்.

கேட்கிறார்கள், தெரியும். என் மச்சானும் கேட்கிறார், அவர் கடையில் மூன்று முறை கொள்ளை நடந்தது, கோபம் நியாயம். அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முன்னால் வந்த முதல் பெரிய வழக்கே இதுதான். 1995 ஜூன் 6-ஆம் தேதி பதினொரு நீதிபதிகளும் ஒரே முடிவாகத் தூக்கை ஒழித்தார்கள். மக்கள் கருத்து அதற்கு எதிராக இருக்கலாம் என்று நீதிமன்றத்தின் அன்றைய தலைவர் சாஸ்கல்சன் ஒத்துக்கொண்டே எழுதினார். ஆனால் மக்கள் கருத்து பார்த்துத்தான் முடிவு என்றால் அதற்கு நாடாளுமன்றமே போதும், கோர்ட் எதற்கு என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த நாட்டில் நாம் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

ஜோகன்னஸ்பர்க் போனால் அந்தக் கோர்ட்டைப் போய்ப் பாருங்கள். காந்தியும் பின்னாளில் மண்டேலாவும் அடைபட்டிருந்த பழைய கோட்டைச் சிறையின் வளாகத்தில் கட்டியிருக்கிறார்கள். விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்து, அதன் செங்கல்லையே சுவருக்கு வைத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்களாமே, அந்த வழக்கு என்ன ஆயிற்று?

சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கு, தாயின் பெயரை வைத்து அவர்கள் சொல்வது 'பிள்ளை வழக்கு'. நம் ஜனங்கள்தான் மறந்துவிட்டார்கள். டர்பனில் ஒரு பெண்கள் பள்ளி. 2004-ல் விடுமுறையில் ஒரு மாணவிக்கு மூக்குக் குத்தினார்கள். பெண் பெரியவளாகும்போது மூக்குத்தி போடுவது எங்கள் குடும்ப வழக்கம், பிற்பாடு பாட்டி வைரமூக்குத்தி போட்டு விடுவார் என்றார் தாய். பள்ளி விதியில் காதில் சின்னத் தோடு மாதிரிச் சிலவற்றைத் தவிர நகை கூடாது. சேரும்போது நீங்களே கையெழுத்துப் போட்டீர்களே என்றது பள்ளி. இந்து மதத்தில் இது கட்டாயமா, இல்லையே, விருப்பம்தானே என்றும் கேட்டது.

பாகுபாட்டு வழக்குகளைக் கேட்கும் சமத்துவ நீதிமன்றத்தில் தாய் தோற்றார், பீட்டர்மரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், பள்ளியும் கல்வித் துறையும் மேலே, அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போயின. 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி லங்கா தீர்ப்பு எழுதினார். எனக்கு அதில் பிடித்த இடம் இதுதான்: கட்டாயமான சடங்குக்கு மட்டும் பாதுகாப்பு, மனம் விரும்பிச் செய்வதற்கு இல்லை என்று பிரிக்க முடியாது என்றார். ஒருவர் தானாக விரும்பிக் கடைப்பிடிப்பதும் அவருடைய அடையாளம்தான். விதி எல்லாருக்கும் ஒன்றுதானே என்ற வாதமும் நிற்கவில்லை. சின்னதாகக் காதில் தோடு போடுபவர்களுக்கு அந்த விதி ஒன்றும் செய்யாது, மூக்கில் போடுபவர்களைத்தான் தடுக்கும், அப்போது அது யார் வழக்கத்தை அளவுகோலாக வைத்து எழுதிய விதி? இப்படியே விட்டால் நாளைக்குச் சடைமுடி, பச்சை குத்தல், கோவணம் எல்லாம் வந்துவிடும் என்று பள்ளி பயந்தது. இதுவரை வெளியே காட்டப் பயந்த பிள்ளைகள் இனித் தைரியமாகக் காட்டுவார்கள் என்றால் அது கொண்டாட வேண்டிய விஷயம் என்ற பொருளில் கோர்ட் பதில் சொன்னது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியை விட்டுப் போயிருந்தார். இருந்தும் விதியைத் திருத்தச் சொன்னார்கள், பின்னால் வருகிற பிள்ளைகளுக்காக.

அப்படியென்றால் உரிமைக்கு எல்லையே இல்லையா? தீபாவளிக்கு விடிய விடியப் பட்டாசு வெடிக்கலாமா?

கூடாது. 36-ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது: எந்த உரிமையையும் எல்லாருக்கும் பொதுவான ஒரு சட்டம் நியாயமான அளவில் கட்டுப்படுத்தலாம். அந்த நியாயத்தை அரசாங்கம் காட்ட வேண்டும், நீங்கள் இல்லை. பட்டாசுக்கு நகராட்சி நேரம் வைத்திருப்பது அதனால் செல்லும். பக்கத்து வீட்டு நாயும் வயதானவர்களும் படும் பாட்டை நினைத்தால் அது எனக்குச் சம்மதமே (கோயில் கமிட்டியில் இதைச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்). இன்னொரு பக்கம், டர்பன் பக்கத்து இசிப்பிங்கோவில் மசூதி பாங்கு தன் வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் 2020-ல் டர்பனில் உத்தரவு வாங்கினார். 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சத்தம் வரம்பு மீறியது என்று அவர் காட்டவில்லை. நம் கோயில் மணிக்கும் அதே அளவுகோல்தான். இதைக் கேட்டு நம்மில் சிலர் அன்றைக்கு முகம் சுளித்தது எனக்குப் புரியவே இல்லை.

கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் செல்லுமா?

1913 மார்ச் 14-ஆம் தேதி கேப்டவுனில் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பு நினைவிருக்கிறதா? கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் ஆகாத கல்யாணங்கள் செல்லாது என்ற நிலையை அது உண்டாக்கியது. ஒரே தீர்ப்பில் நம் பாட்டிமார் எல்லாம் மனைவி என்ற பெயரை இழந்தார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பிச் சிறை போய், 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மை அந்தக் கூட்டத்தில் ஒருவர். அந்த ஆண்டுச் சட்டம் 3 பவுண்டு வரியை எடுத்தது, கல்யாண விஷயத்தையும் கொஞ்சம் சரிசெய்தது. முழுசாக இல்லை.

எவ்வளவு முழுசாக இல்லை என்றால், 2008 வரை வந்து பாருங்கள். இந்து முறைப்படி தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்த ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். சட்டத்தை எழுத்துப்படி பார்த்தால் அவர் மனைவி 'மனைவி' இல்லை, சொத்து அவருடைய பெற்றோருக்குப் போகும். டர்பன் உயர் நீதிமன்றம் சமத்துவப் பிரிவை வைத்து, ஒருவனுக்கு ஒருத்தி என்று நடந்த இந்துக் கல்யாணத்தில் விதவையானவரும் வாரிசுச் சட்டத்தில் மனைவிதான் என்றது. சேர்லுக்கும் இதற்கும் இடையில் 95 வருடம். ஆனாலும் சொல்கிறேன், பதிவு செய்துவிடுங்கள். பதிவதிகாரி உரிமம் உள்ள குருக்கள்மார் இருக்கிறார்கள். கோர்ட்டில் போய் மனைவி என்று நிரூபிக்கும் பாடு யாருக்கும் வேண்டாம்.

மருத்துவம், வீடு, தண்ணீர் எல்லாம் உரிமை என்கிறார்களே, ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது அது எங்கே போகிறது?

இங்கேதான் எனக்கும் வாய் அடைத்துப் போகும். 26-ஆம் பிரிவு வீட்டையும் 27-ஆம் பிரிவு மருத்துவம், உணவு, தண்ணீரையும் சொல்கின்றன. ஆனால் அரசு தன்னிடம் உள்ள வளத்துக்குள், படிப்படியாக நிறைவேற்ற வேண்டும் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது. இதன் அர்த்தத்தை முதலில் தெரிந்துகொண்டது டர்பன்தான். வழக்கின் பெயரே 'சூப்ரமணி', நம் சுப்பிரமணியை இந்த ஊர் ரிஜிஸ்தர் எழுதும் விதம். வேலை இல்லாதவர், நாற்பத்தொரு வயது, சர்க்கரை, இதய நோய், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் குறைவு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவர்களுக்குத்தான் முதலில் என்று விதி. இதய நோய் இருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியைப் பிடித்துக்கொண்டு போனார். 1997 நவம்பரில் கோர்ட் சொன்னது: இது நாள்பட்ட நோய், அவசரம் இல்லை. இருக்கிற பணத்தில் ஆஸ்பத்திரி நேர்மையாகத்தான் முடிவெடுத்திருக்கிறது. அடுத்த சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

தீர்ப்பு தவறு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு மெஷின் கொடுத்தால் இன்னொருவரை அதிலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் அதே 27-ஆம் பிரிவுதான் 2002-ல் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தைப் பொது ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கொண்டுவந்தது. அரசு அதை மாகாணத்துக்கு இரண்டு இடம் என்று பதினெட்டு இடத்தில் மட்டும் வைத்திருந்தது, இத்தனைக்கும் தயாரித்த கம்பெனி ஐந்து வருடம் இலவசமாகத் தருகிறேன் என்றிருந்தது. முதல் வழக்கில் பணம் இல்லை, இரண்டாவதில் மனம் இல்லை. கோர்ட் அந்த வித்தியாசத்தைப் பார்த்தது.

சமத்துவம் என்கிறார்கள், ஆனால் என் பையனுக்கு இந்தியன் என்பதால் பதவி உயர்வு கிடைக்கவில்லை. இது என்ன நியாயம்?

ரொம்பப் பேர் கேட்பது, கோபத்தோடு கேட்பது. 9-ஆம் பிரிவே அநியாயமாகப் பின்தள்ளப்பட்டவர்களை முன்னே கொண்டுவரத் தனி ஏற்பாடு செய்யலாம் என்கிறது. 1998-ன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் 'கறுப்பர்' என்றால் ஆப்பிரிக்கர், கலர்டு, இந்தியர் மூவரும்தான், அதனால் நாமும் பயனாளிகள். உள்ளே யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. 2016-ல் சிறைத் துறை வழக்கில், நாடு முழுவதற்குமான மக்கள்தொகை விகிதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டது தப்பு, அந்தந்த மாகாணத்தின் விகிதத்தையும் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. குவாசூலு-நேட்டாலில் நமக்கு அது பெரிய விஷயம். உங்கள் பையன் வழக்கில் எந்தக் கணக்கு போட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தாத்தா காலத்தில் காரணம் கேட்கவே வழி இருக்கவில்லை.

நான் விசாவில் வந்த குருக்கள். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. சாசனத்தில் பெரும்பாலான வரிகள் 'ஒவ்வொருவருக்கும்' என்று தொடங்குகின்றன. ஓட்டு, பாஸ்போர்ட், விரும்பிய தொழிலைத் தேர்ந்தெடுப்பது மாதிரிச் சிலவற்றுக்குத்தான் 'குடிமகன்' என்று இருக்கிறது. 2004-ல் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்ற வெளிநாட்டவருக்கும் அரசு உதவித்தொகை உண்டு என்று தீர்ப்பாயிற்று. 2008-ல் விசா முடிந்துபோனவர்கூடத் தொழிலாளிதான், அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் கேட்கலாம் என்றது தொழிலாளர் நீதிமன்றம். உங்கள் பாஸ்போர்ட்டைக் கமிட்டிக்காரர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், ஐயா, அதற்கு அவருக்கு உரிமை கிடையாது.

உரிமை அரசாங்கத்துக்கு எதிராக மட்டும்தானா?

இல்லை, 8-ஆம் பிரிவின்படி தனி ஆட்களையும் கட்டுப்படுத்தும். வீட்டுக்காரர், முதலாளி, கோயில் கமிட்டி, நீங்கள், நான். 2021 ஜூலைக் கலவரத்தில் நாட்டில் 350-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டர்பனில் நம்மவர் அதிகம் இருக்கும் ஃபீனிக்ஸில் தெருமுனையில் தடுப்பு போட்டு, தோல் நிறத்தைப் பார்த்து வண்டிகளை நிறுத்தினார்கள், கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். போலீஸ் வரவில்லை, பயம் உண்மையான பயம், எல்லாம் சரி. ஆனால் பாஸ் (நடமாட அனுமதிச் சீட்டு) எங்கே, எந்தத் தெருவில் இருக்கிறாய் என்று நம் தாத்தாமாரை நிறுத்திக் கேட்ட அதே கேள்வியை நாம் இன்னொருவரிடம் கேட்டோம். நடமாடும் உரிமை 21-ஆம் பிரிவில் அவருக்கும் இருக்கிறது. இதை எழுதினால் எனக்குப் போன் வரும் என்று தெரியும்.

தமிழுக்கு ஏதாவது இடம் இருக்கிறதா?

பன்னிரண்டு ஆட்சிமொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் 6-ஆம் பிரிவில் பெயர் சொல்லி இருக்கிறது: மொழி வாரியம் மதிப்பை உறுதி செய்ய வேண்டிய சமூக மொழிகளில் குஜராத்தி, இந்தி, உருது, தெலுங்கோடு தமிழும் ஒன்று. (தெலுங்கை ஆங்கிலப் பிரதியில் 'தெலெகு' என்று அச்சடித்திருக்கிறார்கள், ஆந்திரா நண்பர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.) கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்க வேண்டும், இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஊரிலிருந்து வந்த ஆள் மாட்டிக்கொண்டால் இதைக் கேட்க மறக்காதீர்கள். தெரியாத இங்கிலீஷில் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் பிடித்தால்?

பேசாமல் இருக்கலாம், வக்கீல் கேட்கலாம், 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். கோர்ட் நேரத்துக்கு வெளியே அந்தக் கெடு முடிந்தால் அடுத்த வேலை நாள். 1963-ல் இதே நாட்டில் 90 நாள் விசாரணையில்லாமல் வைக்கலாம் என்ற சட்டம் இருந்தது, 1967-ல் காலக்கெடுவே இல்லாமல் போயிற்று. டர்பன் கிளேர்வுட் பஸ் டிரைவர் ஒருவரின் மகள் நவநீதம் பிள்ளை 1973-ல் வழக்காடித்தான் ராபன் தீவு அரசியல் கைதிகள் வக்கீலைப் பார்க்க முடிந்தது. பின்னால் 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தவர் அவர்தான்.

சரி, பிரச்சினை வந்தால் எங்கே போவது? வக்கீலுக்குப் பணம் இல்லை.

பாகுபாடு என்றால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலேயே சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே போகலாம். மனித உரிமை ஆணையத்தில் புகார் இலவசம், மெதுவாகத்தான் நகரும். வேலையை விட்டு நீக்கினால் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. இருக்கிறது, 30 நாளுக்குள் போக வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிட்டு அழுதவர்கள் எத்தனை பேர்! அரசு அலுவலகம் பென்ஷனையோ மானியத்தையோ மறுத்தால் 90 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேளுங்கள், அவர்கள் சொல்லியாக வேண்டும். போலீஸ் அடித்ததற்கோ ஆஸ்பத்திரி செய்த தவறுக்கோ அரசிடம் நஷ்டஈடு கேட்பதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

எந்தக் காகிதம் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லை, நாளைக்கு வா என்பார்கள். வராதீர்கள், அங்கேயே உட்காருங்கள்.